கொக்கு எறிந்த ஞாயிறு

அன்புள்ள அத்தான்,

ஞாயிறு காலை ஒன்பது மணி. அக்கா கோயிலுக்குப் போயிருக்கிறா. உங்கள் வீட்டுச் சோபாவில், நீங்கள் வழக்கமாக இருக்கும் மூலையை விட்டுவிட்டு மற்றப் பக்கத்தில் இருந்து இதை எழுதுகிறேன். பத்து மணிக்கு வவுனியாவிலிருந்து உங்கள் தம்பி ரஞ்சனின் மகள் துளசி போன் எடுப்பாள். இரண்டு தரம் அடித்து நின்றுவிடும். அதுதான் எங்களுக்குள் இருக்கும் அடையாளம். பிறகு நாங்கள் போன் கார்ட் போட்டுத் திருப்பி எடுக்க வேண்டும்.

நீங்கள் மாசி மாதமே போய்விட்டது அவளுக்கும் தாய்க்கும் இன்னும் தெரியாது.

"பிள்ளை முகாமால வந்து இப்பதான் பள்ளிக்கூடம் போகுது. தவணைச் சோதினை முடியட்டும், தம்பி" என்றா அக்கா. நானும் தலையாட்டினேன். இணையத்தில் மரண அறிவித்தல் போட வேண்டாம் என்று தடுத்தவனும் நான்தான். இங்கே ஸ்காபரோவில் எங்கள் சனம் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறது. ஒரு மனிதர் பஸ் தரிப்பில், பனிக்குள் விழுந்து செத்துப் போயிருக்கிறார், ஒரு படம்கூடப் போடவில்லை, இது என்ன குடும்பம் என்று நினைக்கமாட்டார்களா?

சோதனை முடிந்து மூன்று கிழமை ஆகிறது. பெரியப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது, பெரியப்பா வேலைக்குப் போய்விட்டார், பெரியப்பா நித்திரை என்று ஒவ்வொரு ஞாயிறும் ஒன்று சொன்னேன். முப்பத்தைந்து வருடம் வகுப்பில் நின்று பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொன்ன வாய் இது. கடந்த இரண்டு ஞாயிறும் துளசி உங்களைப் பற்றிக் கேட்கவேயில்லை. அப்பாடா என்று இருந்தது. நேற்றுவரை.

நேற்று அக்கா உங்கள் அலுமாரியை ஒதுக்கும்போது ரீவியில் ஆட்டம் பார்த்து நீங்கள் கணக்கு எழுதிய பேஸ்போல் கொப்பிகளைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தா. "உதுகள் எனக்கு ஒண்டும் விளங்காது. நீ வச்சிரு" என்றா. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு பக்கம், ஒவ்வோர் அடிப்பவனுக்கும் ஒரு கட்டம், பென்சிலால் சின்னச் சின்னக் குறிகள். ஓரத்தில் மட்டும் நீங்கள் என்னென்னவோ எழுதி வைத்திருப்பது எனக்கு அதுவரை தெரியாது. "மழை, கூரையை மூடினாங்கள்." "குணம் வடை எல்லாத்தையும் முடிச்சிட்டார்." என்னைப் பற்றியும்: "மாஸ்ரர் ரீவிக்கு முன்னால நிண்டு விளக்கம் சொல்லி ஒரு ஹோம்ரனை மறைச்சிட்டார்."

தனியே இருந்து சிரித்தேன், அத்தான். பிறகு போன வருடத்து வைகாசிக் கொப்பியைத் திறந்தேன்.

அந்த நாட்களை நினைக்கிறீர்களா? கிரிக்கெட் பார்க்க உங்களுக்கு மனம் வரவில்லை. கல்லூரி அணிக்கு வேகப்பந்து போட்ட ஆள் நீங்கள், அந்தச் சிங்கக்கொடியைத் திரையில் கண்டதும் எழும்பிப் போய்விடுவீர்கள். அப்படித்தான் இந்த நகரத்து நீலச்சட்டை அணியின் பேஸ்போலுக்கு வந்து சேர்ந்தீர்கள். வந்த உடனேயே பந்தெறிகிற பிட்சர்களுக்குப் பட்டப்பெயர் வைத்தீர்கள். காலைத் தூக்கி ஒரு கணம் ஒற்றைக்காலில் நிற்பவன் கொக்கு. மெதுவாக எறிந்தாலும் சொன்ன மூலையில் பந்தைச் சேர்ப்பவர் தபால்காரர். மற்ற அணியில் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் எறிந்தவன் இடி.

பக்கத்து வீட்டு டாக்ஸிக்காரக் குணத்துக்கு இடிதான் எல்லாம்.

"அண்ணை, நூறு மைல் வேகம்! பந்து வந்தது அடிக்கிறவனுக்கே பிறகுதான் தெரியும். உங்கட தபால்காரர் எறிஞ்சால் நான் ஒரு கோப்பி குடிச்சிட்டு வந்து அடிப்பன்."

"வேகம் தோள் தாறது, குணம். மூண்டு பேஸிலயும் ஓடிவர ஆள் நிக்கேக்க, கை நடுங்காமல் எறியிறான் பாரும், அவன்தான் பிட்சர்" என்பீர்கள் நீங்கள்.

"இப்ப கெட்டிக்காரப் பிள்ளையை எடுத்துக்கொண்டால்..." என்று நான் தொடங்குவேன்.

"போச்சு! மாஸ்ரர் கரும்பலகையில எழுதச் சோக்கட்டி எடுத்திட்டார். இனி மணி அடிக்கும்வரைக்கும் வெளிய போகேலாது!" என்பார் குணம்.

ஆனால் அந்த ஞாயிறு அப்படி இருக்கவில்லை. ரஞ்சனிடமிருந்து மூன்று கிழமையாக ஒரு சொல்லும் இல்லை. மனைவியோடும் துளசியோடும் முள்ளிவாய்க்காலுக்குப் போயிருக்கிறான் என்பது மட்டும் தெரியும். கிழமை நாட்களில் வேலை முடிந்து நகர நடுவில் போரை நிறுத்தச் சொல்லும் பதாகையோடு போய் நின்றுவிட்டு, வீங்கிய முழங்காலோடு வருவீர்கள். அன்று ஞாயிறும் போக வெளிக்கிட்டீர்கள், போன் வந்தாலும் வரும் என்று அக்கா உங்களை மறித்துவைத்தா. தமிழ் வானொலியை அவவே நிப்பாட்டி, வயரையும் கழற்றிவிட்டா. அந்த வீட்டில் ஒருவரும் ரஞ்சனின் பெயரைச் சொல்லவில்லை.

மத்தியானம் ஒரு மணிக்கு ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம் தொடங்கியது. கொக்குதான் பிட்சர். முதல் இன்னிங்ஸில் ஒருவனும் அடிக்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை, மூன்றாவதிலும் இல்லை. இந்த விளையாட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு பிட்சர் ஒரு ஹிட்டும் கொடுக்காமல் போய்க்கொண்டிருக்கும்போது அதை யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. சொன்னால் அடுத்த பந்திலேயே அடி விழும் என்று நம்புகிறார்கள். சொந்த அணிக்காரரே அவன் பக்கத்தில் போய் இருக்கமாட்டார்கள். அணிக்காரர் இருக்கும் வாங்கில் அவனைச் சுற்றி இடம் வெறுமையாகக் கிடக்கும். இதை முதலில் கேட்டபோது சிரித்த நீங்கள், அன்று கொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு மூச்சுக் காட்டாமல் இருந்தீர்கள்.

நான்காவது இன்னிங்ஸில் என் செல்போன் அடித்தது. வெளியே போய், குப்பை போடும் அறைக்குப் பக்கத்தில் நின்று எடுத்தேன். என்னிடம் படித்த ஒருவன், வவுனியா ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவன்.

"சேர், கேக்குதே? ரஞ்சன் அண்ணையின்ர மனுசியும் மகளும் இஞ்ச வந்து சேர்ந்திட்டினம்."

"ரஞ்சன்?"

"அவர் வரேல்லை, சேர். ஆமி அடிச்ச செல் விழுந்தது. பங்கருக்குள்ளயே மண் போட்டு மூடிப்போட்டு வந்தவையாம்."

திரும்பி வந்தேன். "ஆர் மாஸ்ரர்?" என்று குணம் கேட்டார். "பழைய மாணவன்" என்றேன். அது பொய்யில்லை. திரையில் கொக்கு ஒற்றைக்காலில் நின்றான். ஆட்டம் முடியட்டும், அதுவரைக்கும் இந்த மனிதருக்கு ஒரு தம்பி இருக்கட்டும் என்று நினைத்தேன்.

ஊரில் இதை ஒருமுறை செய்து பார்த்தவன் நான். என்னோடு படிப்பித்த ஒரு ரீச்சரின் தாய் இறந்த செய்தி பள்ளிக்கூடக் கந்தோருக்கு வந்தபோது, அவ வகுப்பில் நின்றா. பாடம் முடியட்டும் என்று அரைமணி நேரம் தாழ்வாரத்தில் காத்து நின்று சொன்னேன். அவ அழவில்லை. "உங்களுக்கு எப்ப தெரியும், மாஸ்ரர்?" என்று மட்டும் கேட்டா. "இப்பதான்" என்றேன். அது பொய் என்று அவவுக்கு விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் ஒரே பள்ளிக்கூடத்தில் இருந்தோம். அவ என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அது தெரிந்திருந்தும் மறுபடி செய்தேன். ஐந்தாவது முடிந்தது, ஆறாவது முடிந்தது. அடிக்க வந்த ஒவ்வொருவனும் வெளியேறும்போது எனக்கு நிம்மதியும் பயமும் சேர்ந்து வந்தன. இந்த ஆட்டம் முடியவே கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. அவ முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஏழாவதில் குணம் வாயைத் திறந்தார். "அண்ணை, கவனிச்சியளே? இன்னும் ஒருத்தனும் ஒரு ஹிட்..."

"வாயை மூடும்!"

நீங்கள் அப்படிக் கத்தி நான் கேட்டதேயில்லை. கோப்பை கவிழ்ந்து தேத்தண்ணி கம்பளத்தில் ஓடியது. அடுத்த பந்து. மட்டையில் பட்ட சத்தம் கேட்டது. பந்து ஒருவர் கைக்கும் எட்டாமல் புல்லில் உருண்டு போனது.

கொப்பியில் எதையோ எழுதிவிட்டு நீங்களே எழும்பி ரீவியை நிப்பாட்டினீர்கள். என் பக்கம் திரும்பி, "சரி, மாஸ்ரர். சொல்லும்" என்றீர்கள்.

சொன்னேன். அக்கா குசினி வாசலிலேயே நிலத்தில் இருந்துவிட்டா. குணம் தலையில் கைவைத்துக்கொண்டு, "நான்தான், நான்தான் வாயைத் திறந்தனான்" என்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். நீங்கள் அவருடைய முதுகைத் தடவிக் கொடுத்தீர்கள். எனக்கு எப்போது தெரியும் என்று நீங்கள் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, பிறகு இருந்த ஒன்பது மாதத்திலும் கேட்கவில்லை. அதிர்ச்சியில் அது உங்களுக்குத் தோன்றவில்லை என்று நினைத்து, அந்த ஒரு கேள்விக்குப் பயந்தபடியே உங்களோடு பழகினேன்.

நேற்று அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். நான்காவது இன்னிங்ஸுக்குப் பக்கத்தில், ஓரத்தில், உங்கள் சரிந்த எழுத்து: "மாஸ்ரருக்குப் போன். செருப்புப் போடாமல் வெளியே போனார். வந்து ரீவியைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கவில்லை."

அதற்குக் கீழே இரண்டு சொல்: "பாவம், மாஸ்ரர்."

ஐந்தாவதிலும் ஆறாவதிலும் ஒரு குறிகூடப் பிழையில்லை, அத்தான். கோடு நடுங்கவில்லை. மூன்று இன்னிங்ஸ் நேரம் நீங்கள் எல்லாம் தெரிந்துகொண்டு, நான் உங்களைக் காப்பாற்றுகிறேன் என்று என்னை நினைக்கவிட்டீர்கள். கை நடுங்காமல் எறிகிறவனைப் பற்றிக் குணத்தோடு அவ்வளவு வாதாடினீர்களே. எனக்குப் பக்கத்தில் அவ்வளவு கிட்ட இருந்தும், எப்படி அவ்வளவு தனியாக இருந்தீர்கள்?

இரவு முழுவதும் துளசிதான் நினைவில் நின்றாள். "பெரியப்பா எங்கை, மாமா?" என்று ஒவ்வொரு கிழமையும் கேட்ட பிள்ளை, இரண்டு கிழமையாக ஏன் கேட்கவில்லை? போன ஞாயிறு நானாகவே "பெரியப்பா சுகமாயிருக்கிறார்" என்று தொடங்கினேன். அவள் அவசரமாக மறித்தாள். "ஓம் மாமா, ஓம். நீங்கள் சாப்பிட்டியளே?" என்றாள். அந்தக் குரலில் இருந்தது என்ன என்று எனக்கு நேற்றுத்தான் விளங்கியது. பங்கருக்குள் தகப்பனுக்கு மண் போட்ட பிள்ளைக்கு என் குரலைப் படிக்கத் தெரியாதா? அங்கே, தாய்க்கும் சொல்லாமல், இதைத் தனியே எத்தனை நாளாகத் தூக்கிக்கொண்டு திரிகிறாள்? அவளுடைய கொப்பியின் ஓரத்திலும் "பாவம், மாமா" என்று எழுதியிருக்குமோ?

புதிய பருவம் தொடங்கிவிட்டது. கொக்கு இப்போது வேறு அணிக்குப் போய்விட்டான். குணம் ஆட்டம் பார்க்க வருகிறார், ஆனால் பேசுவதில்லை. இடியைப் பற்றி நானே வேண்டுமென்று புகழ்ந்தாலும், "ஓம் மாஸ்ரர்" என்பதோடு சரி. இன்றும் ஒரு மணிக்கு ஆட்டம் இருக்கிறது. அது முடியட்டும், அடுத்த கிழமை சொல்லலாம் என்று அக்கா சொல்லுவா. அவ கோயிலால் வருவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும்.

நான் போடவிடாமல் தடுத்த அறிவித்தலுக்குப் பதிலாக இந்தக் கடிதத்தை இங்குள்ள தமிழ்ப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். ஆனால் யார் வாசிப்பதற்கும் முன்பு துளசி கேட்கவேண்டும், என் வாயால் கேட்கவேண்டும். "உங்களுக்கு எப்ப தெரியும், மாமா?" என்று அவள் கேட்டால், "மாசி மாசமே தெரியும், பிள்ளை" என்று சொல்லுவேன். அவள் அழுதால் கார்ட் முடியும்வரை போனை வைக்கமாட்டேன். அழாவிட்டாலும் வைக்கமாட்டேன். இனி அவள் பக்கத்து இடத்தை வெறுமையாக விடமாட்டேன், அத்தான். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

போன் இரண்டு தரம் அடித்து நின்றுவிட்டது. இலக்கத்தை அழுத்தப் போகிறேன்.

உங்கள் மனைவியின் தம்பி,
செருப்பில்லாமல் வெளியே போன உங்கள் மச்சான்,
மாஸ்ரர்