எந்தப் பக்கம் படுப்பது

மார்ச் 3

எங்கோ தூரத்தில் கிரேன்மேல் உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

நலம். அப்படி எழுதுவது வழக்கம், அதனால் எழுதினேன். இடது இடுப்பின் வெளிப்பக்கம், எலும்பு புடைத்திருக்கிற இடத்தில், விண்விண்ணென்று தெறிக்கிறது. பார்லரில் வருகிறவர்களுக்கு நின்றபடி முடி வெட்டிவிட்டுச் சற்று உட்கார்ந்தால், எழும்போது உயிர் போகிறது. அந்தப் பக்கம் படுக்கவும் முடியவில்லை.

போனில் பேசினால் சண்டை வருகிறது, கடிதம் எழுது என்றீர்கள். எழுதிவிட்டேன், போதுமா?

உங்கள் மனைவி


மார்ச் 14

என் கோபக்காரிக்கு,

படித்ததும் பதறிவிட்டேன். இங்கே என் அறையில் தங்கியிருப்பவனுக்கும் இதே வலி இருந்ததாம். மல்லாந்து படுத்து, வலிக்கிற காலை மற்றதன்மேல் குறுக்கே போட்டு, முழங்காலை நெஞ்சுப் பக்கம் இழுக்க வேண்டுமாம். "இழுக்க இழுக்கச் சரியாயிடும்"னு அடித்துச் சொல்கிறான். தவறாமல் செய்.

மானேஜர் மறுபடி கேட்டார். ஒப்பந்தத்தை நீட்டிக்கக் கையெழுத்துப் போடவா, வீட்டுக்கே வந்துவிடவா? நீ ஒரு வார்த்தை சொல்.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 27

டாக்டர் ஐயாவுக்கு,

கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்துகொண்டேன். நீங்கள் சொன்னபடி இழுத்ததில், இருந்த நடையும் போச்சு. மாடிப்படியைப் பார்த்தாலே அழுகை வருகிறது. அக்கா என்னடாவென்றால், "கட்டிலை விட்டு இறங்காதே" என்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி, "ஊசி போட்டுக்கோ" என்கிறாள். ஆளுக்கொரு வைத்தியம்!

நாளை பிசியோதெரபிஸ்டைப் பார்க்கப் போகிறேன். அதுவரை உங்கள் அறைக்காரர் வாயைத் திறக்காமல் இருந்தால் புண்ணியம்.

நொண்டி


ஏப்ரல் 8

நொண்டிக்கு,

அவனை நானும் திட்டிவிட்டேன். ஆனால் என்னைத் திட்ட ஒரு பக்கம் எழுதுகிறாய், கேட்ட கேள்விக்கு ஒரு வரி இல்லை. மௌனம் சம்மதம் என்பார்கள். எதற்குச் சம்மதம் என்று யாரைக் கேட்பது? நான் வந்து என்ன ஆகப்போகிறது என்று நினைக்கிறாய் போல. மாதக் கடைசியில் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

வீட்டுக்காரன்


ஏப்ரல் 17

உங்களுக்கு,

அந்த பிசியோதெரபிஸ்ட் பெண் வலிக்கிற இடத்தில் விரலை அழுத்தினாள். அலறிவிட்டேன். மூட்டில் கோளாறு இல்லையாம். இடுப்பின் ஓரத்து எலும்பில் வந்து ஒட்டுகிற தசைநாண்கள் நசுங்கி நொந்துபோயிருக்கின்றனவாம். இழுத்தால் இன்னும் நசுங்குமாம், உங்கள் அறைக்காரரிடம் சொல்லுங்கள். ஒற்றைக்காலில் சாய்ந்து நின்று முடி வெட்டக்கூடாது, கால்மேல் கால் போடக்கூடாது. படுத்தே கிடக்கவும் கூடாது. தசையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலப்படுத்தினால் சில மாதத்தில் அடங்குமாம்.

கடைசியாக, "எப்பவும் இடது பக்கமே ஏன் படுக்கறீங்க?" என்று கேட்டாள். உங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்துப் படுத்தே பழகியவள். நீங்கள் போன பிறகும் அப்படியேதான் படுத்தேன், கட்டிலில் யாரிடம் கோபித்துக்கொண்டேனோ! "பழக்கம்" என்று சொல்லிவைத்தேன். "வலது பக்கம் திரும்பிப் படுங்க, முழங்காலுக்கு நடுவுல ஒரு தலையணை வைங்க" என்றாள்.

அப்படித்தான் படுக்கிறேன். வலி குறைந்திருக்கிறது. ஆனால் கண்ணைத் திறந்தால் எதிரே உங்கள் இடம் காலியாகக் கிடக்கிறது. பார்க்கப் பார்க்க எரிச்சலாக வருகிறது, அழுகையும் வருகிறது.

கையெழுத்துப் போடாதீர்கள், வந்துவிடுங்கள். வரும்போது ஒரு தலையணை வாங்கிக்கொள்ளுங்கள். முழங்காலுக்கு நடுவில் வைத்திருப்பது உங்களுடையது. அதை இனி தர முடியாது.

உங்கள் பக்கம் திரும்பிப் படுத்திருக்கும்,
உங்கள் மனைவி