தொட்டிமேல் நிற்கிற ஐயா

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரி ஒரு திருநீற்றுப் பொட்டலத்தை என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். நான் மாதா கோயிலுக்குப் போகிறவள் என்று அவளுக்குத் தெரியும். அவள் பேரனுக்குக் காய்ச்சல் விட்ட சந்தோஷத்தில் தெரு முழுக்கக் கொடுத்துக்கொண்டு வந்தாள். "முதலியார்பேட்டையில தண்ணித் தொட்டிகிட்ட எஞ்சினீர் ஐயா இருக்காரு. ரொம்பத் துடியான சாமி. மேலேருந்து விழுந்து செத்தவராம். நெத்தியில வெக்காட்டியும் பரவால்ல, தலமாட்டுல வெச்சிக்குங்க" என்றாள். பொட்டலத்தைப் பிரித்தேன். சாம்பலில் சுருட்டு வாடை அடித்தது. உனக்குச் சுருட்டு வாடையே ஆகாது. எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நீ விழவில்லை. மெட்ராசில் உன் அண்ணன் வீட்டில், மூளைக் காய்ச்சலில், கட்டிலில் கிடந்து போனாய். அதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியைக் கொடுத்துவிட்டுப் போன மறு வருஷம் நீ வந்தாய். அப்போது எங்கள் மராமத்து இலாகா அலுவலகத்தில் பாதிப்பேர் பிரெஞ்சில் யோசித்துத் தமிழில் முணுமுணுத்து இங்கிலீஷில் எழுதக் கற்றுக்கொண்டிருந்தோம். எஞ்சினீர்கள் போடும் படங்களை ட்ரேசிங் துணியில் நகலெடுப்பது என் வேலை. மொத்தக் கட்டடத்திலும் புடவை கட்டியவள் நான் ஒருத்திதான். வாசலில் பியூன் உன்னைப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி அடுத்த தெருவுலங்க, டாக்டரம்மா" என்றான். நீ, "எஞ்சினீர்" என்று மட்டும் சொன்னாய். அவன் உள்ளே ஓடிவந்து, "எஞ்சினீர் ஐயாவோட சம்சாரம் வந்திருக்காங்க. ஐயா பின்னால வராரு போல" என்றான். உனக்கு நாற்காலி போட்டார்கள், காப்பி வந்தது. அந்த ஐயா வருவார் என்று எல்லாரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது நினைத்தால், அவர் அன்றைக்குத்தான் பிறந்தார் என்று படுகிறது.

பிரெஞ்சு வழக்கத்தில் நாங்கள் முசே என்று கூப்பிடும் பெரிய எஞ்சினீர் உன் பட்டத்தைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், மறுபடியும் பட்டத்தைப் பார்த்தார். "பொம்பளைங்க ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருக்கட்டும்" என்று என் மேசைக்குப் பக்கத்தில் உனக்கு ஒரு மேசை போட்டார். அந்த மனுஷர் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

முதலியார்பேட்டையில் மில்லுக்குப் போகிற குடும்பங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த காலம் அது. அங்கே ஒரு மேல்நிலைத் தொட்டி கட்டவேண்டும் என்று வந்தபோது, கணக்கு போடுகிற வேலைதானே என்று உன்னிடம் தள்ளினார்கள். நீ ஒரு மழைக்காலம் முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் போட்டாய். நான் நகலெடுத்தேன். எல்லாம் முடிந்தபிறகு முசே, "சைட்டுக்கு ஓவர்சீயர் போவாரு, நீ எதுக்கும்மா வெயில்ல?" என்றார். "நான் பார்க்காம கம்பி மேல கான்கிரீட் விழக்கூடாது சார்" என்றாய். குரலை உயர்த்தவில்லை. அவர்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஆனால் சைட்டில் மேஸ்திரி கும்பிட்டு வழிமறித்தார். பொம்பளை கால் பட்டால் தொட்டி கசியுமாம். ஜல்லியும் சிமெண்டும் சுமந்துகொண்டு அத்தனை சித்தாள்களும் சாரத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கெல்லாம் தோஷமில்லை. சுமக்கிற கால் கசியாது, சரிபார்க்கிற கால்தான் கசியும். இது எந்த ஊர் நியாயம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ பொறுமையாக, "அப்ப என்னதான் பண்ணலாம், சொல்லுங்க" என்றாய்.

மேஸ்திரி கெட்டவர் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி உன்னிடம் நீட்டினார். "பெரிய வேலன்னா காவலுக்கு ஒண்ணு வந்து நிக்கும்மா. நாங்க கெடா வெட்டித்தான் கடக்கால் போட்டோம். பொம்பள வாட அதுக்கு ஆவாது. நீங்க தலையில இத கட்டிக்குங்க. மேல ஏறுனா நீங்க ஐயா. கீழ எறங்குனா அம்மா. அது ஏமாந்துடும்."

நான் வேண்டாம் என்று உன் கையைப் பிடித்தேன். நீ துண்டை வாங்கி முண்டாசு கட்டிக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகி, ஏணியில் காலை வைத்தாய். "ஐயா ஏர்றாரு, வழி விடுங்க" என்று மேஸ்திரி மேலே பார்த்துக் குரல் கொடுத்தார். அன்று முதல் அதுவே முறையாகிவிட்டது. ஏணியில் முதல் படியில் ஐயா, கடைசிப் படியில் அம்மா.

நமக்கு அது முதலில் விளையாட்டாக இருந்தது. டிபன் டப்பாவைத் திறக்கும்போது, "ஐயா என்ன சாப்பிடுறாரு?" என்று நான் கேலி செய்வேன். ஒருநாள் நீ சிரிக்கவில்லை. "ஏறும்போது நான்தான் ஏறுறேன். எறங்கும்போது யாரையோ மேல விட்டுட்டு வர்ற மாதிரி இருக்கு" என்றாய். கையில் சோறு அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு நானே பார்த்தேன். ஏதோ படத்தில் சந்தேகம் கேட்க சைட்டுக்கு வந்திருந்தேன். நீ விளிம்பில் நின்றுகொண்டிருந்தாய். உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. காற்று என்று நினைத்துத் தொண்டை கிழியக் கத்தினேன், அப்போதும் இல்லை. பக்கத்தில் கலவை சுமந்த அஞ்சலை என்கிற சித்தாள், "அப்படிக் கூப்ட்டா கேக்காதும்மா" என்றுவிட்டு, சாதாரணக் குரலில், "ஐயா" என்றாள். உடனே திரும்பினாய்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உன்னிடம் அன்றைக்கே சொன்னேன், வெயில் கண்ணைக் கட்டியிருக்கும் என்று தள்ளிவிட்டாய். உச்சிவேளை, ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். முண்டாசோடு நீ மேலே சுவரைச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாய். உள்ளே பொத்தல் இருந்தால் சத்தம் காட்டிக்கொடுக்கும் என்பாய். நான் நிழலில் உட்கார்ந்து உனக்காகக் காத்திருந்தேன். அப்போது பின்னாலிருந்து என் தோளைத் தொட்டு, "வந்து ரொம்ப நேரமாச்சா?" என்று கேட்டாய். தலையில் துண்டு இல்லை, கிணற்றடியில் கழுவிய முகத்தில் ஈரம் சொட்டியது. நான் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே சுத்தியல் சத்தம் நிற்கவில்லை. நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, நீயும் பார்க்கவில்லை. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாகத் தெருவுக்கு நடந்தாய். வெயில் கண்ணைக் கட்டினால் காதையுமா கட்டும்?

தொட்டி ஒரு சொட்டுக் கசியவில்லை. திறப்பு விழாவுக்குப் பந்தல், நாயனம், எல்லாம் வந்தது. விழாவுக்கு முதல் நாள் முசே நம் அறைக்கு வந்து, "நாளைக்கு வர்றவங்கள வரவேற்க நம்ம ஆபீஸ்லயே லேடீஸ் இருக்காங்க, வெளியில தேட வேண்டியதில்ல" என்று சந்தோஷப்பட்டார். ஆகவே நீ பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்று பன்னீர் தெளித்தாய். நான் சந்தனக் கிண்ணம் பிடித்தேன். மேடையில் ஒருவர், "இந்தத் தொட்டியைக் கட்டிய எஞ்சினீரை மேடைக்கு அழைக்கிறேன்" என்றார். ஜனங்கள் தேடினார்கள். யாரோ ஓவர்சீயரைப் பிடித்துத் தள்ளினார்கள், மாலை அவர் கழுத்தில் விழுந்தது. அவர் பாவம், உன்னைப் பார்த்தார், கழற்றவும் தெரியாமல் போடவும் தெரியாமல் நின்றார். பன்னீர்ச் செம்பு உன் கையில் சாய்ந்து புடவையெல்லாம் நனைந்தது, நீ கவனிக்கவில்லை. உன் கண் கூட்டத்தில் இல்லை. தொட்டியின் உச்சியில் இருந்தது. யாரையோ பார்த்து, நல்லா இருக்கீங்களா என்று கேட்கிற முகமாக இருந்தது. அதுதான் எனக்கு மாலையைவிடப் பயமாக இருந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது நான் எல்லாரையும் திட்டித் தீர்த்தேன். நீ கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் சொன்னாய்: "எனக்குக் கல்லுல பேரு வேணாம். மாலையும் வேணாம். இத யாரு கட்டுனதுன்னு கேட்டா, ஒரு பொம்பளன்னு ஒருத்தராவது சொல்லணும். அது போதும்."

போதும் என்றாய். அந்தப் போதுமானது கிடைக்கவில்லை. நீ மெட்ராசுக்கு மாற்றிக்கொண்டு போனாய், இரண்டு வருஷத்தில் செய்தி வந்தது. செய்தி வந்த வாரமே முதலியார்பேட்டையில், தொட்டி காவு வாங்கிவிட்டது என்றார்கள். மாதம் போகப் போக, உச்சிவேளையில் மேலே ஐயா நடக்கிறார் என்றார்கள், சுவரைத் தட்டிப் பார்க்கிறார் என்றார்கள். பிறகு தொட்டியடியில் சாமியாகச் செங்கல் நட்டார்கள், செங்கல்லுக்கு முண்டாசு கட்டினார்கள். சுருட்டும் சாராயமும் வைத்தார்கள். உயிரோடு இருந்தபோது உன்னை எஞ்சினீர் ஆக்க மனம் வராதவர்கள், நீ செத்தபிறகு எஞ்சினீர் ஆக்கினார்கள், ஆம்பளையாக்கிவிட்டு. இந்த ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர்கள் காகிதத்திலும் புதுச்சேரியைக் கொடுத்துவிட்டார்கள், ஊரெல்லாம் வெடி போட்டார்கள். நடந்துமுடிந்த விஷயம் காகிதத்துக்கு வர இத்தனை வருஷம். உன் விஷயம் இன்னும் வாய்க்கே வரவில்லை.

ஆகையால் இன்று பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே அங்கே போனேன். சண்டை போடத்தான் போனேன். செங்கல்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தது அஞ்சலை. விளக்குத் துடைத்து, சாம்பல் மடித்துக் கொடுப்பது அவள்தான்.

"உனக்குமா தெரியாது?" என்றேன். "அந்தம்மா கூட ஏறி எறங்குனவ நீ."

"தெரியாம என்னம்மா? பொம்பளன்னு எங்களுக்குத் தெரியும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா பொம்பள நிக்குதுன்னு சொன்னா மோகினின்னு ஓடிடுவாங்க. ஒருத்தியும் தண்ணி பிடிக்க வரமாட்டா. ஐயா நிக்கிறாருன்னா காவலு. இந்தத் தண்ணிக்கு எம்மாந் தூரம் நடந்துக்கினு இருந்தோம், உங்களுக்குத் தெரியுமா?"

தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. ஆபீசிலிருந்து வந்திருக்கிறேன் என்று பம்ப்காரரிடம் சொல்லிவிட்டு ஏணியருகே போனேன். அஞ்சலை பதறி எழுந்து, செங்கல்மேல் இருந்த துண்டை அவிழ்த்து நீட்டினாள். "கட்டிக்கினு போங்கம்மா, உச்சிவேள." வேண்டாம் என்றேன். நீ அதை ஏமாற்றத்தான் கட்டினாய். ஏமாந்த அது உன்னைத் திருப்பித் தரவேயில்லை.

நான் உயரத்துக்குப் பயந்தவள், உனக்குத் தெரியும். எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. மேலே யாருமில்லை. ஆள் இறங்குகிற வாயின் மூடியைத் தள்ளி, குப்புறப் படுத்து, இருட்டுக்குள் தலையை விட்டு உன் பெயரைச் சொன்னேன். பட்டத்தோடு சேர்த்து முழுப் பெயர். உள்ளேயிருந்து அது திரும்பி வந்தது. கனத்த, அடிவயிற்று ஆண்குரலில் வந்தது.

ஓடியிருப்பேன், ஆனால் ஏணியில் ஓட முடியாது. கோபம்தான் என்னைப் பிடித்து வைத்தது. மறுபடி சொன்னேன். மறுபடி அவர்தான். நீர் விழுகிற இரைச்சலுக்கு நடுவே நான் சொல்ல, அவர் சொல்ல, நான் சொல்ல. குடம் நிறைய நிறையச் சத்தம் மெலிவது தண்ணீர் பிடிக்கிற எல்லாருக்கும் தெரியும். தண்ணீர் ஏற ஏற அந்தக் குரலின் கனம் குறைந்தது. ஆம்பளையா பொம்பளையா என்று சொல்லமுடியாத இடத்தில் சற்று நின்றது. நான் விடவில்லை. தண்ணீர் என் முகத்திலிருந்து கைக்கெட்டுகிற தூரத்துக்கு வந்தபோது திரும்பி வந்தது உன் குரல். என் குரல்தானே என்பாய். என் குரல் எனக்குத் தெரியாதா? முதல் நாள் வாசலில் நின்று "எஞ்சினீர்" என்று சொன்ன அதே நிதானம்.

பிறகு தொட்டி நிறைந்துவிட்டது. சொன்னேன், ஒன்றும் திரும்பவில்லை.

கீழே இறங்கியதும் அஞ்சலை, "அது என்னம்மா பேரு, சொல்லிக்கினே இருந்தீங்க?" என்று கேட்டாள். அத்தனை நாள் உன்னோடு ஏறி இறங்கியவளுக்கு, அன்று நான் கத்தியதைக் கேட்டும், உன் பெயர் மனதில் நிற்கவில்லை. சொன்னேன். அவளுக்கு வாயில் நுழையவில்லை, இரண்டு மூன்று தடவை சொல்லிப் பழகினாள். குடத்தோடு வந்து நின்ற ஒருத்தி, "யாரது?" என்றாள். அஞ்சலை என் முகத்தைப் பார்த்தாள், செங்கல்லைப் பார்த்தாள். "இத கட்டுன பொம்பள" என்றாள். வந்தவள் தொட்டியை அண்ணாந்து பார்த்து, குடத்தை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். பிறகு குழாயடியில் வைத்துப் பிடித்தாள்.

இதை எழுதுகிற இப்போது எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. வாயைத் திறந்தால் ஆம்பளைக் குரல் வருகிறது. சாயங்காலம் திருநீறு பலன் கொடுத்ததா என்று கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரி அதைக் கேட்டு ஒரு அடி பின்னால் போனாள். அந்தக் குரலிலேயே உன் பெயரை அவளிடம் சொல்லி, நீ யார் என்றும் சொன்னேன். நாளைக்கு அலுவலகத்தில் பியூனிடமிருந்து தொடங்கவேண்டும்.