நாற்பத்தொன்றாம் நம்பர்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் மீன்தான். துண்டுகளை அட்டைப்பெட்டியில் அடுக்கு, சீட்டில் உன் நம்பரை எழுதி உள்ளே போடு, மூடு, தள்ளு. குளிர் அறையில் நாலு நாட்டுப் பெண்கள் அறுபது பேர். ஒருத்தி பெயர் இன்னொருத்தி வாயில் நுழையாது, நம்பர்தான் பெயர். நான் நாற்பத்தொன்று. அண்ணி பதினேழு. யார் கை மந்தம் என்று அந்தச் சீட்டை எண்ணித்தான் பட்டியல் போடுகிறார்கள்.

தங்கும் அறைக்கு வந்ததும் அண்ணி வழக்கம்போல் ஐஸ் கையை என் கன்னத்தில் வைத்து அழுத்தினாள். மூன்று வருஷமாக இதே விளையாட்டு, அவளுக்கு அலுக்கவில்லை. கன்னத்துக்காவது உணர்ச்சி இருக்கிறது. வலது கையில் மூன்று விரல்களுக்கு இல்லை.

மார்ச் 6, வெள்ளி

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிஷம், வெந்நீரில் கை வைக்க. மனுவில் கேட்டிருப்பது அவ்வளவுதான். முப்பத்தெட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டேன். அண்ணி போடவில்லை.

“பூனைக்கு மணி கட்ட நீதான் கெடச்சியா? நம்ம பர்மிட்டு கம்பெனி கையில இருக்கு. அங்க ரெண்டு புள்ளைங்க படிக்குது எனக்கு.”

தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அண்ணனிடம் சொல்லி, இங்கே கூட்டிவந்ததே நான்தான்.

மார்ச் 9, திங்கள்

மனுவைக் கொடுத்தேன். சூப்பர்வைசர் – கையில் எப்போதும் ஸ்டாப்வாட்ச், நாங்கள் வைத்த பெயர் ‘கடிகாரம்’ – நின்றபடியே படித்து, நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். “சரி” என்றார்.

மார்ச் 10

ஒன்றுமில்லை. மீன்.

மார்ச் 12, வியாழன்

வேலை போயிற்று. பட்டியலில் கடைசி நாற்பத்தொன்றாம். கை மந்தமாம். மரத்துப்போன கை மந்தமாக இல்லாமல் நாட்டியமா ஆடும்?

முப்பது நாளில் வேறு முதலாளி கிடைக்காவிட்டால் நாட்டை விட்டுப் போக வேண்டும். அழுகை வரும் என்று கட்டிலில் உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. எழுந்து பாத்திரம் தேய்த்தேன்.

அண்ணி இன்று கன்னத்தில் கை வைக்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

தொழிலாளர் அலுவலகம் போனேன். அங்கிருந்த அம்மாள் கம்பெனி அனுப்பிய பட்டியலைக் காட்டினார். “நம்பர் பொய் சொல்லாதும்மா.” நல்லவராகத்தான் தெரிந்தார். கோபம்கூட வரவில்லை. எனக்கு என்ன ஆயிற்று?

மார்ச் 20, வெள்ளி

சாப்பிடும்போது அண்ணி தட்டைப் பார்த்தபடி கேட்டாள்.

“நாப்பத்தொண்ணு இன்னிக்கு எத்தன பெட்டி தெரியுமா?”

“நான்தான் இங்க இருக்கேனே.”

“நூத்தி எண்பது. பதினேழு ஒரு பெட்டிகூட இல்ல.”

எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. வேலை போன எட்டு நாளில் முதல்முறையாகக் கத்தினேன். பைத்தியமா ஒங்களுக்கு, மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவீங்க, புள்ளைங்க படிப்பு என்னாகும்?

“பதினேழுன்னு எழுதத்தான் போனேன். ஒன் எடம் காலியா கெடக்கு, அதயே பாத்துட்டு இருந்தேனா… கை இப்படி எழுதிருச்சு” என்றாள். குழம்பு ஊற்றிக்கொண்டாள்.

மார்ச் 24

இன்று ஆறு பேர் நாற்பத்தொன்று.

மார்ச் 27, வெள்ளி

எல்லாப் பெட்டியிலும் நாற்பத்தொன்று. பட்டியலில் முதல் ஆளும் நான்தானாம், கடைசி ஆளும் நான்தானாம். யார் அடுக்கிய பெட்டி என்று தெரியாமல் ஏற்ற முடியாதாம், ஏற்றுமதிக் கப்பல் காத்திருக்கிறது. கடிகாரம் வந்து, “யார் அந்த நாற்பத்தொன்று?” என்று கத்தியிருக்கிறார். யாரும் நிமிரவில்லை. கடைசியில் அண்ணிதான், “அவள நீங்கதானே வீட்டுக்கு அனுப்பினீங்க” என்றாளாம்.

பூனைக்கு மணி கட்டாதே என்று சொன்ன வாய்.

மார்ச் 31

இன்னொரு கம்பெனியும் கைவிரித்துவிட்டது. மனு போட்டவள் என்று தெரிந்திருக்கிறது.

ஏப்ரல் 3, வெள்ளி

இன்னும் எட்டு நாள். துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணி வந்தாள், மூச்சு வாங்க. செருப்பைக்கூடக் கழற்றாமல் கன்னத்தில் கையை வைத்தாள். பழக்கத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

கை குளிரவில்லை.

“இன்னிக்கு பத்து பத்து நிமிஷம் மூணு தடவ விட்டாங்க. வெந்நீர் வச்சிருக்காங்க. கடைசியா கெளம்பறப்ப கைய முக்கிட்டு, ஆறிடப் போகுதுன்னு பாக்கெட்டுல வச்சிக்கிட்டே ஓடியாந்தேன்.”

அப்போதுதான் அழுதேன். நிறைய நேரம் அழுதேன். அண்ணி கையை எடுக்கவில்லை.