சம்பந்திக்குச் சர்க்கரை, எனக்கு இல்லை

வைகாசி 20, ஞாயிறு
காலையில் இருந்து மூடுபனி. எஸ்டேட்டில் எதிர் வரிசை லைன் வீடுகள்கூடத் தெரியவில்லை. புது நோட்டு, புது பேனா. முதியோர் கல்வி வகுப்பு டீச்சர், "தினமும் நாலு வரி எழுதுங்க, யாரும் பார்க்க மாட்டாங்க" என்றார். நாலு வரி ஆகிவிட்டது! கை வலி. இன்னும் எழுதுவேன்.

பேத்தி நித்யா பிளஸ் டூ பாஸ். உணவியல் படிக்கப் போகிறாள். எந்த நோய்க்கு என்ன சாப்பிடலாம் என்று சொல்கிற படிப்பு. இரண்டு காலேஜ் பார்த்திருக்கிறாள். ஒன்று இங்கே மலையில். தினமும் பஸ்ஸில் போய் வரலாம், ஆனால் ஆஸ்பத்திரிப் பயிற்சி இல்லை. இன்னொன்று கோயம்புத்தூரில். பயிற்சி உண்டு. அங்கேதான் மருமகளின் அப்பா, என் சம்பந்தி. சொந்த வீடு, மாடி ரூம் காலி.

இங்கேயே படிக்கட்டும்.

வைகாசி 21, திங்கள்
மழை. சம்பந்தி போன். நித்யா ஸ்பீக்கரில் போட்டாள். அம்மாவின் அப்பா அவளுக்கு அப்பிச்சி, நான் அப்பாரு.
"கண்ணு, நீ சொன்ன மாதிரி ரெண்டு இட்லிதான் தின்னேன்."
"சட்னிங்க அப்பிச்சி?"
"தேங்கா போடலை கண்ணு."
"பொய் சொல்லாதீங்க!"
ஒரே சிரிப்பு. அவருக்குச் சர்க்கரை நோய் வந்த பிறகுதான் அவளுக்கு இந்தப் படிப்பு மேல் ஆசையே. எனக்கு ஒரு நோயும் இல்லை. என்ன தின்றேன் என்று யாரும் கேட்பதில்லை.

பொறாமை. எழுதிப் பார்த்தேன். எழுத்து அழகாக வந்திருக்கிறது.

வாங்க வேண்டியது: சோப்பு, ரீபிள்.

வைகாசி 23, புதன்
எஸ்டேட் டிஸ்பென்சரியில் ரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள். போகும் முன் வெல்லம் போட்ட டீ, இரண்டு டம்ளர். ஒரு நேந்திரம்பழம். சிஸ்டர், "தாத்தா, உங்களுக்குச் சுகர் இருக்குதே!" வரிசையில் நின்ற பக்கத்து வீட்டு ராசு, "அதுக்கு எதுக்குய்யா சிரிக்கிற?"

சாயங்காலம் முழுக்க நித்யா என் பக்கத்தில். டீயில் சர்க்கரை இல்லை. வாயில் வைக்க முடியவில்லை. நல்ல டீ.

வைகாசி 24, வியாழன்
வெயில். நித்யா அவள் அம்மாவிடம், "அப்பாருக்கும் சுகர். நான் இங்கயே படிச்சுக்கறேம்மா."
"பயிற்சி இல்லாம யாரு சாமி வேலை குடுப்பாங்க?"
நித்யா முகம் கழுவப் போனாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

நினைத்தது நடந்துவிட்டது. மத்தியானம் சோறு இறங்கவில்லை.

வைகாசி 25, வெள்ளி
நித்யா எதிரில் வந்து உட்கார்ந்தாள். "அப்பாரு, டெஸ்டுக்கு முன்னாடி ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"
டாக்டர் மாதிரி கேட்டாள். பொய் வரவில்லை. டீ, வெல்லம், பழம், எல்லாம் சொன்னேன்.
"எதுக்குங்க?"
"அப்பிச்சியத்தான தினமும் கேக்கற. என்னையக் கேட்டியா?"
எழுந்து போய்விட்டாள். அடுப்படியில் அம்மாவிடம் சொல்வது கேட்டது. இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கியது. டீ வந்தது, சர்க்கரை போட்டு.

வைகாசி 26, சனி
மறுபடி டெஸ்ட். வாசல் வரை நித்யா காவல். சுகர் இல்லை. கோயம்புத்தூர்தான் என்று முடிவு.

மாடி ரூம். சம்பந்திக்கு யோகம்.

வைகாசி 29, செவ்வாய்
நல்ல காற்று. சம்பந்தி போன். என்னிடமே பேச வேண்டும் என்றாராம்.
"ஏனுங்க சம்பந்தி, புள்ள ஹாஸ்டல்லயே தங்கிக்கறேங்குதுங்க. மாடி ரூமுக்குப் பெயிண்டெல்லாம் அடிச்சு வெச்சேனுங்க."
குரல் கம்மிப் போயிருந்தது. "அடடா, பாவமுங்க" என்றேன். மருமகள் பார்க்காதபடி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

ஹாஸ்டலில் ஞாயிறு மட்டும் பார்க்க விடுவார்களாம். அவர் வீட்டில் இருந்து நடக்கிற தூரம். நான் மலை இறங்க வேண்டும். முதல் பஸ் எப்போது என்று கேட்க வேண்டும். அவருக்கு முன்னால் போய் கேட்டில் நிற்க வேண்டும். பஸ் போர்டை நானே படித்துக்கொள்வேன்.