ஆறாயியின் அரிசிக் கூப்பன்

கொட்டாஞ்சேனை, 1943

ஆறாயியின் அப்பாவுக்கு,

இரண்டு வருடமாக எட்டிப் பார்க்காத நீங்கள் போன மாதம் பிள்ளைக்குச் சட்டையோடு வந்தபோதே எனக்கு உறுத்தியது. “பள்ளிக்கூடத்துல சேர்க்கணும், பிறப்புப் பத்திரத்தக் குடு” என்றீர்கள். கொடுத்தேன்.

இன்று தேயிலை ஸ்டோரில் அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு, அவளுடைய அரிசிக் கூப்பனைப் புதுப்பிக்க அரசாங்கக் கந்தோருக்குப் போனேன். “பிள்ளைட பேர் தகப்பன்ட வீட்டில, தெமட்டகொடையில பதிஞ்சாச்சு. அவள்ட அரிசியும் இப்ப அங்கதான் போகுது. அவர்ட கையெழுத்து இல்லாம மாத்தேலாது” என்றார் கிளார்க். வளர்ப்பவள் நான் என்றேன். “அதுக்கு ஃபாரத்தில இடமில்லையே” என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திங்கட்கிழமை வந்து கையெழுத்து வையுங்கள். அதுவரை என் பங்கில் அவளும் சாப்பிடுவாள்.

அந்தச் சட்டையை இத்துடன் அனுப்புகிறேன். ஆறாயிக்கு அது மிகவும் சின்னது. அந்த வீட்டில் யாருக்கு அளவெடுத்தீர்களோ, அந்தப் பிள்ளைக்கே போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகளின் தாய்