ஆம்பள ஷூ வாங்கிய என் மதினிக்கு

என் தங்க மதினி,

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீங்கள் அப்படியே போய்விட்ட பிறகு வரும் முதல் சாரல் இது. தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பு தெருமுனையில் நிற்கும்போதெல்லாம் உங்கள் குரலைத் தேடுகிறேன். அங்கே உங்களைப்போல் சத்தமாகச் சிரிக்க யார் இருக்கிறார்கள்?

ஜெர்மனியில் நாம் ஷூ வாங்கப் போன கதையை ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். அன்று உங்களைப் பார்த்து நான் எவ்வளவு அசந்துபோனேன் என்பதை உங்களிடம் மட்டும் சொன்னதில்லை.

என் மகள் கயலுக்குக் குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். கயலும் மாப்பிள்ளையும் அங்கேயே கதியென்று இருந்தார்கள். எனக்குத் துணையாக வந்த நீங்களும் நானும் அவர்கள் வீட்டில். வெளியே பனி கொட்டிக் கிடந்தது. போடியில் வாங்கிய செருப்போடு வாசலில் கால் வைத்த நான் வழுக்கி விழுந்தேன்.

"பிள்ளையப் பாக்காம வீட்டுக்குள்ள கெடக்க முடியுமா? கெளம்பு செல்வி, மொதல்ல காலுக்கு வாங்குவோம்" என்று, என்னைச் சுவரோரமாகப் பிடித்து அடுத்த தெருக் கடைக்குக் கூட்டிப்போனீர்கள்.

எனக்குச் சட்டென்று கிடைத்துவிட்டது. உங்களுக்குத்தான் எதுவும் நுழையவில்லை. ஏலத்தோட்டச் சரிவில் வருஷக்கணக்காக நின்று காய் எடுத்து, விரல்கள் விரிந்து அகன்ற கால் உங்களுக்கு. விற்பனைப் பெண் பெட்டி பெட்டியாகத் திறந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தாள். நின்றவர்கள் எல்லாம் உங்கள் காலையே பார்த்தார்கள். எனக்கு உடம்பு கூசியது.

"வாங்க மதினி, போயிருவோம்."

"எதுக்குத்தா? களவாங்கவா வந்தோம்?"

வெறுங்காலோடு எழுந்து மறுபக்கம் போய், ஆண்கள் ஷூ ஒன்றை எடுத்தீர்கள். அந்தப் பெண் பதறி ஓடிவந்து, தாடியைத் தடவுவதுபோல் ஜாடை காட்டினாள். நீங்கள் பதிலுக்கு மீசையை முறுக்கிக் காட்டிவிட்டுக் காலை உள்ளே விட்டீர்கள். கச்சிதம்!

மூலையில் நம் வயதுள்ள வெள்ளைக்காரம்மா ஒருவர், இறுக்கமான ஷூவைக் கழற்ற முடியாமல் முகம் சுளித்துக்கொண்டிருந்தார். உங்களையே பார்த்தவர், எழுந்து வந்து அதே வரிசையில் ஒன்றை எடுத்தார். அவரால் குனிய முடியவில்லை. நீங்கள் தரையில் உட்கார்ந்து நாடாவைக் கட்டிவிட்டு, "நடந்து பாருத்தா" என்றீர்கள், தமிழிலேயே. அவரும் நடந்து பார்த்தார். நீங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் கடையே திரும்பிப் பார்த்தது.

அவர் ஏதோ கேட்டார். நீங்கள் கையைத் தொட்டிலாக்கிக் காட்டினீர்கள். பிறகு உள்ளங்கையைக் காட்டி, அவ்வளவுதான் பிள்ளை என்றீர்கள். மூக்கில் குழாய் என்று விரலால் கோடிழுத்தபோது உங்கள் கண் நிறைந்துவிட்டது. அந்த அம்மா உங்கள் கையைப் பற்றிக்கொண்டார். தன் காரிலேயே ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து விட்டார். முன்பின் தெரியாத ஒருவரை அவ்வளவு சீக்கிரம் எப்படி மதினி சொந்தமாக்கினீர்கள்?

"அத்தை, வந்துட்டீங்களா" என்று கயல் உடைந்து அழுதாள். அவள் முதுகைத் தடவிக்கொண்டே பிள்ளையிடம் பேசினீர்கள். "வெரசா வளந்து வாடா அப்பு."

வளர்ந்துவிட்டான். வீடு கொள்ளாமல் ஓடுகிறானாம்.

கயல் மறுபடி மாசமாக இருக்கிறாள். எனக்கு விசா வந்துவிட்டது. "தனியாப் போயிருவியாத்தா?" என்று அண்ணன் கேட்டுக்கொண்டே இருக்கிறார். "போயிருவேண்ணே" என்று சொன்னபோது குரல் நடுங்கத்தான் செய்தது.

ஆனாலும் போவேன் மதினி. பாஷை தெரியாத இடத்திலும் வாயைத் திறப்பேன். யார் எப்படிப் பார்த்தாலும் தலை குனிய மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

போயிட்டு வர்றேன்.

உங்கள் நாத்தனார்,
செல்வி