பெல் அடிக்காத வீடு

இரவு ஷிஃப்டுக்கு அழைத்துப்போக வந்த கம்பெனி வண்டி கீழே ஹாரன் அடித்தது. கடையிலிருந்து இன்னும் திரும்பாத கணவன் அமல்ராஜுக்கு, செலின் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள். பகலெல்லாம் புழுக்கத்தில் புரண்டு படுத்ததில் கண் எரிந்தது.

"மீன் குழம்பு அடுப்பு மேல இருக்கு, சுட வச்சுக்குங்க. ஏசியில இன்னும் அனல்தான் வருது. கட்டில்ல தண்ணி சொட்டுது, வாளியை எடுத்துடாதீங்க. மெக்கானிக்குக்கு மறுபடி போன் பண்ணேன், காலையில வராராம். நீங்களே இருந்து பாத்துக்குங்க. நேத்து அவர் பெல் அடிச்சு அடிச்சுப் பார்த்துட்டுத் திரும்பிப் போனதுக்கு, இன்னைக்குக் காலையில நான் வேலை முடிஞ்சு வந்ததும் வாசல்லயே என்னைத் திட்டினீங்க. பொணம் மாதிரி தூங்கினேனாம். இந்தச் சூட்டுல யாருக்குத் தூக்கம் வரும்? முழிச்சுக்கிட்டுதான் கிடந்தேன். பெல் சத்தமே வரலை."

எழுதியதும் அவளுக்கே சந்தேகம் வந்தது. வெளியே போய் பெல்லை அழுத்தினாள். சத்தம் இல்லை. உள்ளே வந்து ஸ்டூல் போட்டு ஏறி, சுவரில் இருந்த பெல் பெட்டியைப் பார்த்தாள். ஒயரைக் கழற்றி, முனையில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப்பின் நுனியை அப்படி மடித்து ஒட்டுவது அமல்ராஜ்தான்.

மறுபடி ஹாரன். தாளின் அடியில் இருந்த கொஞ்ச இடத்தில் நெருக்கி எழுதினாள்.

"நான் நைட் ஷிஃப்ட் சேர்ந்தப்போ, பகல்ல யாரும் என்னை எழுப்பக் கூடாதுன்னு பெல் ஒயரைக் கழட்டினது நீங்கதானே? மறந்தே போச்சா? மெக்கானிக்குக்குப் போன் பண்ணி, கதவைத் தட்டச் சொல்லிடுங்க. எனக்குக் கோபம் இன்னும் போகலை. ஆனா அந்த ஒயரை மறுபடி மாட்டிடாதீங்க."